வீட்டிலேயே அலங்கார சோப்: சூடு பார்த்து ஊற்றுங்கள்

அலங்கார சோப் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது அழகான அச்சும் பளபளக்கும் கலர்ப் பொடியும்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பூ அச்சு, நட்சத்திர அச்சு, எட்டு நிறத்தில் மைக்கா தூள் என்று எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு உட்கார்ந்தால், முதலில் ஊற்றிய ஆறு சோப்பில் நாலு சரியாக வரவில்லை. ஒன்றில் இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து சேற்று நிறமாகிவிட்டது. ஒன்றில் மேலடுக்கு தனியாகக் கழன்று கையில் வந்தது. மற்ற இரண்டிலும் பளபளப்பு முழுக்க அடியில் போய்ப் படிந்துவிட்டது. மூன்றும் வேறு வேறு பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும் காரணம் ஒன்றேதான்: எந்தச் சூட்டில் ஊற்ற வேண்டும் என்று தெரியாமல் ஊற்றியது.

அதனால் இந்தக் கைவேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்குவேன் என்றால், அச்சை விட்டுவிட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவே போதும், சமாளித்துக்கொள்ளலாம். சூட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல நிறைய பழக்கம் வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். சோப் செய்வதில் இரண்டு வழி உண்டு. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து அடியிலிருந்து செய்வது ஒன்று. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரித்துவிடும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது, அளவு ஒரு சில கிராம் தவறினாலும் சோப் காரமாகிவிடும், செய்த பிறகும் 4 முதல் 6 வாரம் வரை ஆறவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். அது ஒரு தனிக் கலை, நான் இங்கே அதற்குள் போகவில்லை. இரண்டாவது வழி, ஏற்கெனவே தயாரான சோப் பேஸை வாங்கி, உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து, விரும்பிய வடிவில் ஊற்றுவது. காஸ்டிக் சோடாவின் வேலை பேஸ் தயாரித்த இடத்திலேயே முடிந்துவிட்டதால் நமக்கு அந்தப் பயம் இல்லை. அலங்காரத்துக்கு இந்த வழிதான் வசதி, ஏனென்றால் பிடிக்கவில்லை என்றால் வெட்டி மறுபடி உருக்கிக்கொள்ளலாம்.

குளிக்கிற சோப்பை வாங்கித் துருவி உருக்கினால் ஆகாதா என்று நிறைய பேர் கேட்பார்கள். ஆகாது. அது சீராக உருகாமல் கட்டி கட்டியாகப் பசை மாதிரி நிற்கும், அச்சின் நுணுக்கமான கோடுகளுக்குள் இறங்காது. சோப் பேஸில் கிளிசரின், சர்க்கரை மாதிரியான கரைப்பான்கள் கூடுதலாகச் சேர்த்திருப்பதால்தான் அது தண்ணீர் போல உருகுகிறது. கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதற்கும் அதுதான் காரணம், சோப் படிகமாக இறுகிப்போகாமல் அந்தக் கரைப்பான்கள் தடுத்துவிடுகின்றன. லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் 1807-ல் விற்க ஆரம்பித்த சோப்பைப் பார்த்து அன்றைய ஜனங்கள் ஆச்சரியப்பட்டதும் இந்தக் கண்ணாடித் தன்மைக்காகத்தான்.

என்னென்ன வேண்டும்

சோப் பேஸ் ஒரு கிலோ, அதில் பாதி கண்ணாடி மாதிரி தெளிந்தது, பாதி வெள்ளை. இந்த இரண்டும் இருந்தால் கீழே சொல்லப்போகிற எல்லாவற்றையும் செய்து பார்க்கலாம். ஆட்டுப்பால், ஷியா பட்டர் என்று விதவிதமாகக் கிடைக்கும், அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அச்சு வாங்குவதாக இருந்தால் சிலிகானில் வாங்குங்கள், வளைத்தால் சோப் தானாக வெளியே வந்துவிடும். ஒரு எலெக்ட்ரானிக் தராசு, சூடு தாங்கும் கண்ணாடி அல்லது ஸ்டீல் பாத்திரம் இரண்டு, அதிலும் மூக்கு வைத்த பாத்திரமாக இருந்தால் ஊற்றுவது சுலபம். கலக்க ஒரு கரண்டி, நேரான கத்தி, தெர்மாமீட்டர்.

அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு ஸ்பிரே பாட்டிலில். இதை வெறும் கூடுதல் பொருள் என்று விட்டுவிடாதீர்கள். ஊற்றியவுடன் மேலே வரும் குமிழிகளை உடைப்பதும் இதுதான், ஒரு அடுக்கை இன்னொரு அடுக்கோடு ஒட்ட வைப்பதும் இதுதான். 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக இருந்தால் நல்லது. ஆனால் இது சட்டென்று தீப்பிடிக்கும். எரிகிற அடுப்புக்கு அருகில் கண்டிப்பாகத் தெளிக்க வேண்டாம். உருக்குவது அடுப்பில் என்றால் ஊற்றுவதை வேறு மேஜைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

எவ்வளவு பேஸ் உருக்க வேண்டும் என்று தெரியவில்லையா? அச்சில் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை எடை போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே எடைதான் பேஸும் பிடிக்கும், கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும். பிறகு அச்சை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

உருக்குவது

பேஸை 2 செ.மீ. அளவுக் கட்டிகளாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒன்றாக உருகும், இல்லாவிட்டால் சின்னக் கட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது பெரிய கட்டி நடுவில் மிதந்துகொண்டிருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவது நிதானமான வழி. மைக்ரோவேவ் என்றால் முதலில் 30 விநாடி, பிறகு 10 அல்லது 15 விநாடியாக விட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்துக் கிளறிவிட வேண்டும். முக்கால்வாசி உருகியதும் வெளியே எடுத்துவிடுங்கள், மீதிக் கட்டிகள் இருக்கிற சூட்டிலேயே கரைந்துவிடும்.

சுமார் 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் பேஸ் முழுதாக உருகிவிடும். 70-ஐத் தாண்ட விடாதீர்கள். கொதித்தால் பேஸில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப்போய்விடும், தெளிவாக இருந்தது மஞ்சள் பூத்து மங்கும், ஒரு கருகிய வாடை வரும், அதை எந்த வாசனை எண்ணெயாலும் மறைக்க முடியாது. கிளறுவதும் மெதுவாகத்தான். வேகமாக அடித்தால் நுரை உள்ளே போய்விடும், கண்ணாடி சோப்பில் ஒவ்வொரு குமிழியும் அப்படியே தெரியும்.

உருகிய சோப் தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுவிட்டால் உடனே ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். குழந்தைகளோடு செய்வதானால் உருக்குவதும் ஊற்றுவதும் பெரியவர்கள் வேலை. நிறம் தேர்ந்தெடுப்பது, உள்ளே வைக்கும் துண்டுகளை அடுக்குவது, அச்சிலிருந்து எடுப்பது மூன்றும் குழந்தைகளுக்கு. உண்மையில் அவர்களுக்கு ரொம்பப் பிடித்ததும் அந்த மூன்றுதான்.

நிறமும் மணமும்

சோப்புக்கென்று விற்கும் திரவ நிறம், மைக்கா தூள் இரண்டும் நல்லது. சமையலுக்கான நிறத்தைப் போடலாம்தான், ஆனால் கொஞ்ச நாளில் வெளிறிவிடும், ஒரு அடுக்கிலிருந்து பக்கத்து அடுக்குக்கு ஊறிப் போய்விடும். வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்து அழகாகச் செய்த சோப் ஒரு வாரத்தில் முழுக்க ரோஸ் நிறமாக நின்றால் மனசு ஆறாது. திரவ நிறங்களிலும் சில இப்படி ஊறும், கூர்மையான கோடு வேண்டிய இடத்தில் மைக்கா போடுவதுதான் என் வழக்கம். மெழுகுவர்த்தி நிறம், கிரேயான், கைவேலைக்கு விற்கும் சாதாரண கிளிட்டர் எதுவும் வேண்டாம். தோலில் படுகிற பொருள், தோலுக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

மைக்காவை நேராகக் கொட்டினால் திரி திரியாகக் கட்டிக்கொள்ளும். ஒரு சின்னக் கிண்ணத்தில் சில சொட்டு ஆல்கஹாலில் குழைத்து, பிறகு கலக்குங்கள். அரை கிலோ பேஸுக்கு அரை டீஸ்பூன் போதும், போதாவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம், போட்டதை எடுக்க முடியாது. இங்கேயும் சூடுதான் முக்கியம்: பேஸ் ரொம்பச் சூடாக, தண்ணீராக இருக்கும்போது ஊற்றினால் மைக்கா கீழே இறங்கிவிடும். 50 டிகிரி வரை ஆறவிட்டு, லேசாகக் கெட்டிப்பட்டதும் ஊற்றினால் பளபளப்பு அங்கங்கே அப்படியே நிற்கும்.

வாசனை எண்ணெய் பேஸ் எடையில் 1 முதல் 2 சதவீதம். அரை கிலோவுக்கு 5 முதல் 10 கிராம். கூடுதலாக ஊற்றினால் மணம் கூடாது, சோப் மேலே எண்ணெய் கசியும், தோல் அரிக்கும். இலவங்கம், பட்டை எண்ணெய்கள் தோலைச் சுடக்கூடியவை, அவற்றை நான் தொடுவதே இல்லை. வெனிலா மணம் சேர்த்தால் சில நாளில் சோப் பழுப்பாகிவிடும், அதனால் வெள்ளை சோப்புக்கு வெனிலா சரிப்படாது. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அடுக்கு சோப்

அலங்காரத்தின் அரிச்சுவடி இது. முதல் நிறத்தை ஊற்றி, ஆல்கஹால் தெளித்து, ஆறவிடுங்கள். மேலே பாலாடை மாதிரி ஒரு தோல் கட்டும். விரலால் மெல்லத் தொட்டால் அழுந்த வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. அதுதான் சரியான நேரம். மறுபடி தாராளமாக ஆல்கஹால் தெளித்து, 50 டிகிரியில் இருக்கும் இரண்டாவது நிறத்தை, கரண்டியின் முதுகில் விழுகிற மாதிரி தாழ்வாகப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். 60-க்கு மேல் இருந்தால் கீழ் அடுக்கை உருக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கீழ் அடுக்கு முழுதாக ஆறிக் கல்லாகிவிட்டிருந்தால் ஒட்டாது. அப்படி ஆகிவிட்டால் பரவாயில்லை, ஒரு ஊசியால் மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஆல்கஹால் தெளித்து ஊற்றுங்கள், பிடித்துக்கொள்ளும்.

சாய்வான அடுக்கு வேண்டுமா? அச்சின் ஒரு பக்கத்துக்கு அடியில் பென்சிலை வைத்துச் சாய்த்து முதல் நிறத்தை ஊற்றுங்கள். தோல் கட்டியதும் பென்சிலை எடுத்துவிட்டு அடுத்ததை ஊற்றினால் இரண்டு முக்கோணம் சேர்ந்த மாதிரி வரும். இதற்கு மேல் ஒரு வேலையும் இல்லை, ஆனால் பார்க்கிறவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்காமல் போக மாட்டார்கள்.

உள்ளே ஒன்றை வைப்பது

கண்ணாடி பேஸின் முழு அழகும் இதில்தான். ஒரு சின்ன பொம்மை மீன், சங்கு, வெள்ளை சோப்பில் வெட்டிய நட்சத்திரம், எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இலேசான பிளாஸ்டிக் பொம்மை மிதக்கும் என்பதால் முதலில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பேஸ் ஊற்றி, தோல் கட்டியதும் பொம்மையை ஆல்கஹாலில் நனைத்து அதன்மேல் அழுத்தி வையுங்கள். ஒட்டிக்கொண்டதும் மீதியை 50 டிகிரியில் ஊற்றுங்கள். பொம்மையில் இருக்கும் குழிகளில் காற்று ஒளிந்திருக்கும், ஒரு பல்குச்சியால் தட்டிவிடுங்கள். அச்சில் தலைகீழாகத்தான் வைக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும், அடியில் இருப்பதுதான் நாளைக்கு முகம். 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சின்னப் பொம்மை வைத்த சோப்பைக் கொடுக்காதீர்கள். கரையக் கரையப் பொம்மை வெளியே வரும், வாயில் போய்விடும்.

பெயரையோ படத்தையோ வைக்கலாம். காகிதத்தை லேசர் பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளுங்கள், இங்க்ஜெட் மை ஈரத்தில் கலைந்துவிடும்.

சோப்புக்குள் சோப் வைப்பது இன்னும் நல்லது, குப்பை என்று எதுவும் மிஞ்சாது. நாலைந்து நிறத்தில் மெல்லிய தகடாக ஊற்றி, சதுரமாக நறுக்கி, நீளமான அச்சில் கொட்டி, வெள்ளைப் பேஸை ஊற்றி மறுநாள் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டும் வேறு வேறு மாதிரி இருக்கும், முதல் வெட்டு விழும்போது உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிற அந்த நொடிக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். ஊற்றுவதற்கு முன் துண்டுகள் மேல் ஆல்கஹால் தெளிக்க மறந்தால் வெட்டும்போது பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

ரத்தினக்கல் சோப்

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது இது, அச்சே தேவையில்லை. ஒரு காகிதக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிந்த பேஸில் ஒரு பங்கை ஆழ்ந்த ஊதா, ஒரு பங்கை வெளிர் ஊதா, ஒரு பங்கை நிறமே இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆழ்ந்த நிறத்தைக் கோப்பையைச் சாய்த்தபடி ஊற்றுங்கள், பாதி இறுகியதும் வேறு பக்கம் சாய்த்து வெளிர் நிறம், கடைசியில் நிறமில்லாதது. நடுவில் ஒரு சிட்டிகை தங்க நிற மைக்காவைத் தூவினால் உள்ளே ஒரு கோடு ஓடுவது மாதிரித் தெரியும். இந்த இடத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் கலந்தாலும் நல்லதுதான், உண்மையான கல்லிலும் நிறம் கோடு போட்டுப் பிரிந்தா இருக்கிறது? அதனால் 55 டிகிரியில் தாராளமாக ஊற்றுங்கள்.

இரவு முழுக்க இறுகவிட்டு, காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, கத்தியால் செதுக்குங்கள். முதலில் மேல் விளிம்பைச் சுற்றிச் சாய்வாகப் பெரிய பெரிய சீவலாக எடுங்கள், அப்புறம் அடிப்பக்கம் கூம்பி வருகிற மாதிரி. சின்னச் சின்னதாக நிறைய வெட்டுவதைவிட அகலமான முகம் ஏழெட்டு இருந்தால்தான் கல் மாதிரித் தெரியும். ஒவ்வொரு முகத்தையும் ஒரே வெட்டில் எடுங்கள், கத்தியை முன்னும் பின்னும் அறுத்தால் வரி விழும். எல்லாம் முடிந்ததும் விரலில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு முகத்தையும் தேயுங்கள், மங்கல் போய்ப் பளிச்சென்று ஆகிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சீவிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், மேலே சொன்ன துண்டு சோப்புக்கு அதுதான் மூலப்பொருள்.

பூ, இலை பற்றி

படத்தில் பார்த்தால் ரோஜா இதழ் வைத்த சோப் கொள்ளை அழகு. அந்தப் படம் செய்த அன்றே எடுத்தது. சோப்பின் காரத்திலும் ஈரத்திலும் ரோஜாவும் லாவெண்டரும் சில நாளில் பழுப்பாகிவிடும். நிறம் மாறாமல் நிற்பது காலெண்டுலா என்கிற, சாமந்தி மாதிரியான பூவின் இதழ்தான். எதை வைத்தாலும் முழுக்கக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சைப் பூ, பழத் துண்டு, பால், சாறு எதுவும் வேண்டவே வேண்டாம், உள்ளேயே அழுகிப் பூஞ்சை பிடிக்கும். பூ வடிவம்தான் வேண்டுமென்றால் அச்சின் பள்ளங்களில் மட்டும் தூரிகையால் காய்ந்த மைக்காவைத் தடவிவிட்டு, அதன்மேல் வெள்ளை பேஸை ஊற்றிப் பாருங்கள், ஒவ்வொரு இதழின் ஓரமும் நிறம் பிடித்து வரும்.

எடுப்பது, வைப்பது

100 கிராம் சோப் இறுக இரண்டு முதல் நாலு மணி நேரம், பெரிய கட்டியானால் ஒரு இரவு. அச்சை விட்டு வரவில்லை என்றால் ஃபிரிட்ஜில் 15 நிமிஷம் வைத்து எடுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், கண்ணாடி சோப் மங்கிவிடும், வெளியே எடுத்ததும் நனைந்துபோகும். எடுக்கும்போது முதலில் அச்சின் ஓரங்களை வெளிப்பக்கமாக இழுத்து உள்ளே காற்று போகவிட்டு, பிறகு அடியில் இரண்டு கட்டைவிரலாலும் சீராக அழுத்துங்கள்.

அப்புறம் எல்லாரும் பயப்படுகிற ஒன்று, சோப் வியர்ப்பது. மறுநாள் பார்த்தால் மேலே பனித்துளி மாதிரி நிற்கும். கெட்டுப்போகவில்லை, கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அலங்காரம் கெடாமல் இருக்க, அச்சிலிருந்து எடுத்த அன்றே, உள்சூடு முழுக்க ஆறியபின், மெல்லிய பிளாஸ்டிக் உறையை இழுத்துச் சுற்றிவிடுங்கள். ஏற்கெனவே வியர்த்துவிட்டால் துடைக்க வேண்டாம், மின்விசிறிக்கு முன்னால் வைத்துக் காயவிட்டுச் சுற்றுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள், நிறம் நிற்கும். பயன்படுத்தும்போது தண்ணீர் வடிகிற தட்டு அவசியம், தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்தால் இரண்டே நாளில் கொழகொழத்துவிடும்.

பாத்திரத்தில் மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவு தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டால் தகடு மாதிரி உரிந்து வரும், அதை எடுத்துச் சீவல் டப்பாவில் போட்டுவிட்டு, ஒட்டியிருப்பதை மட்டும் வெந்நீரில் கழுவினால் போதும். ஒரே பேஸை மூன்று நாலு தடவைக்கு மேல் உருக்கினால் தண்ணீர் வற்றிக் குழம்பாகிவிடும், அதனால் அந்தச் சீவல்களை மறுபடி உருக்காமல் அடுத்த முறை வெள்ளைக்குள் அப்படியே பதித்துவிடுங்கள்.